மீட் பையா, சாசேஜா, டிம் சிம்மா?

சனிக்கிழமை நண்பகல். மெல்போர்ன் புறநகர் ஒன்றின் கடைத்தெரு. பசிக்கிறது, ஆனால் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. ஆஸ்திரேலியர்களின் கை அப்போது மூன்று திசைகளில் நீளும்: பேக்கரியின் சூட்டுப்பெட்டியில் இருக்கும் மீட் பை, ஹார்டுவேர் கடை வாசலில் வாட்டுகிற சாசேஜ், மீன்-சிப்ஸ் கடையில் எண்ணெயில் பொரிகிற டிம் சிம். மூன்றுக்கும் தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். ஆஸ்திரேலிய உணவு எது என்று கேட்டால் பாவ்லோவா, லாமிங்டன் என்று இனிப்புப் பட்டியல் வாசிப்பார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாவ்லோவா சாப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நின்றபடி, ஒரே கையால் தின்னக்கூடியதுதான் இங்கே அன்றாடச் சாப்பாடு. அந்தக் கணக்கிலேயே இம்மூன்றையும் எடைபோடுகிறேன்.

பை உள்ளங்கையில் அடங்கும். அடியில் கெட்டி மாவு, மேலே அடுக்கடுக்காக உதிரும் மாவு, நடுவில் அரைத்த மாட்டிறைச்சியும் கெட்டிக் குழம்பும். நம்மூர் பேக்கரி பஃப்ஸை நினைத்துக்கொண்டு ஆவலாகக் கடித்தால் தொலைந்தோம். பஃப்ஸின் மசாலா வறண்டிருக்கும். பைக்குள் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். என் முதல் பை மேலண்ணத்தையும் வெள்ளைச் சட்டையையும் ஒருசேரப் பதம்பார்த்தது. பழகியவர்கள் ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஆவியை வெளியேற்றிவிட்டு, பையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, கழுத்தை மட்டும் முன்னே நீட்டிச் சாப்பிடுகிறார்கள். மேலே தக்காளி சாஸ் கட்டாயம். சாஸ் ஊற்றவும் பையைத் தாங்கவும் சேர்த்தால் இரண்டு கை ஆகிவிடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லதில்லை. சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. ஆஸ்திரேலிய உணவுத் தர விதிப்படி மீட் பையில் குறைந்தது 25 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும். அதோடு ஒட்டிய கொழுப்பும் இணைப்புத் திசுவும் அந்தக் கால் பங்கில் அடக்கம். மற்ற முக்கால் பங்குக்கு மாவும் குழம்பும் பொறுப்பு. இருந்தும் ஃபுட்டி என்று இங்கே சொல்லும் கால்பந்து ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பை இல்லாமல் ஆட்டம் இல்லை. 1947இல் விக்டோரியாவின் பெண்டிகோவில் பிறந்த ஃபோர் அண்ட் ட்வென்ட்டி பை அந்த மைதானங்களில்தான் பேர் வாங்கியது. சிட்னியின் வூலூமூலூவில் 1938இல் தொடங்கிய ஹாரிஸ் கஃபே டி வீல்ஸ் வண்டிக்கடையில் பைமீது உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி, குழம்பு எல்லாம் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அடிலெய்டுக்காரர்கள் ஒருபடி மேலே போய்ப் பையைப் பட்டாணி சூப்பில் மிதக்கவிடுவார்கள். அதற்குக் கரண்டி வேண்டும் என்பதால் இந்தப் போட்டியிலிருந்து நீக்குகிறேன்.

சாசேஜின் கட்டமைப்பைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஒரே ஒரு துண்டு வெள்ளை ரொட்டி, அதில் மூலைவாட்டில் ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், சாஸ், கீழே ஒரு காகிதக் கைத்துணி. இரண்டாவது ரொட்டித் துண்டு கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். சாசேஜும் ஒன்றும் உயர்ந்த ரகமல்ல. ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல பேக்கரிப் பையின் அருகில்கூட வராது.

ஆனால் இது கடைப்பண்டம் அல்ல. பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடைகளின் வாசலில் அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள் அந்தக் கடையின் ஊழியர்களும் அல்லர். சாரணர் குழு, பள்ளிப் பெற்றோர், உள்ளூர் விளையாட்டுச் சங்கம் என்று வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து விற்கும். வரும் பணம் அவர்கள் நிதிக்குப் போகும். நெடுங்காலம் இரண்டரை டாலராக இருந்த விலை 2022இல் மூன்றரை டாலர் ஆனபோது நாடே பேசியது. நல்ல பேக்கரியில் ஒரு பைக்கு இதைப்போல ஏறக்குறைய இருமடங்கு ஆகும். 2018இல் இன்னொரு கலவரம்: வெங்காயம் தரையில் விழுந்து யாரும் வழுக்கிவிடாதிருக்க, அதைச் சாசேஜுக்கு அடியில் வையுங்கள் என்று நிறுவனம் சொன்னது. மேலா, கீழா என்ற அந்த வழக்கில் அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன்கூடக் கருத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தேர்தல் நாளில் இதன் மதிப்பு இன்னும் ஏறும். கூட்டாட்சித் தேர்தல்களில் 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், வாக்குப்பதிவு சனிக்கிழமையில், வாக்குச்சாவடிகள் பலவும் பள்ளிகளில். கூட்டம் தானாக வருகிறது, பள்ளிக்குப் பணம் வேண்டியிருக்கிறது, அப்புறம் என்ன? ‘ஜனநாயக சாசேஜ்’ என்ற சொல் 2016இல் ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையத்தின் ஆண்டுச் சொல்லாகவே ஆனது. அந்த ஆண்டுத் தேர்தல் நாளில் எதிர்க்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் சாசேஜை நுனியில் கடிக்காமல் நட்டநடுவில் கடித்தார். கொள்கையை மன்னித்தவர்கள்கூட அந்தக் கடியை மன்னிக்கவில்லை.

டிம் சிம்மைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஷூமாய் என்ற சீனத்து ஆவிக் கொழுக்கட்டையின் தடித்த உறவுக்காரர். 1940களில் மெல்போர்னில் வில்லியம் விங் யங் என்பவர் தொடங்கிவைத்தார் என்பார்கள். இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்து, ஆவியில் வேகவைத்தோ பொரித்தோ, சோயா சாஸோடு தருவார்கள். காகிதப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடலாம், சட்டைக்கும் ஆபத்தில்லை. இதன் பங்காளியான சிக்கோ ரோல் என்ற பொரித்த சுருளை ஃபிராங்க் மெக்என்க்ரோ என்ற கொதிகலன் தொழிலாளி, ஆட்டம் பார்ப்பவர்கள் ஒரு கையில் பிடித்துத் தின்னவேண்டும் என்றே தடித்த தோலோடு வடிவமைத்து, 1951இல் வாகா வாகா வேளாண் கண்காட்சியில் விற்றார். ஒற்றைக் கைக் கணக்கில் இந்தக் குடும்பத்துக்கே முதலிடம். ருசியில் கடைசி இடம். பொரித்த டிம் சிம் ஆறிவிட்டால் தோலை மெல்லத் தாடை வலிக்கும்.

சைவர்களுக்கு மூன்றுமே கதவடைப்பு என்று நினைக்க வேண்டாம். பேக்கரியில் கீரையும் சீஸும் அடைத்த ரோல் கிடைக்கும். சாசேஜ் வரிசையில் நின்று “வெங்காயமும் ரொட்டியும் மட்டும்” என்று கேட்டால் தயங்காமல் தருகிறார்கள். ஆனால் அந்த வெங்காயம் வதங்குவது சாசேஜ் வேகும் அதே தகட்டில்தான். ஆசாரம் பார்ப்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேலைநாளில் பை. அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அதுவே அதன் பலமும் குறையும். சாசேஜை நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. அன்றைக்கு யாராவது வந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். போன சனிக்கிழமை ஆணி வாங்க என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆணி வாங்காமல் திரும்பிவந்தேன், சட்டையில் சாஸோடு.