அக்கா ராதிகாவா, தங்கை நிரோஷாவா?

ஆந்திராவில் இருக்கும் எங்கள் நெசவு ஊரான நகரியில் அப்போதெல்லாம் ராத்திரி ராதிகாவின் 'சித்தி' தொடர் தொடங்கினால் தெருவில் பாதித் தறி நின்றுவிடும். நாங்கள் சன் டிவியில் தமிழில் பார்ப்போம், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஜெமினியில் அதையே 'பின்னி' என்று பார்ப்பார். அங்கே கதை பின்னால் வரும் என்பதால் சுவருக்கு மேல் எட்டி, "சாரதாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு பாட்டி, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்பார். பாட்டி சொல்லவே மாட்டார்.

இப்போது வீட்டில், அக்கா தங்கை இருவரில் யார் நடிப்பு உசத்தி என்று சண்டை வேறு. நான் ராதிகா கட்சி. அம்மா, 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' வந்த 2023-லிருந்து நிரோஷா கட்சி.

இருவருமே எம்.ஆர்.ராதாவின் மகள்கள்தான், ஆனால் வந்த வழி ஒன்றில்லை. ராதிகா 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமானது 1978, அடுத்த வருடமே அப்பா காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு தமிழிலும் தெலுங்கிலும் கிடைத்ததெல்லாம் அவராகவே சம்பாதித்தது. நிரோஷா 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வந்தது 1988, அதற்குள் அக்காவுக்குப் பத்து வருடப் பேர் இருந்தது, "ராதிகா தங்கச்சி" என்றுதான் எங்கள் ஊரில் அவரைச் சொன்னார்கள்.

சின்னத்திரையில் ராதிகாவை அசைக்க முடியாததற்குக் காரணம் நடிப்பு மட்டுமில்லை, சொந்தத் தயாரிப்பு நிறுவனம் ராடான். சித்தி, அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று 1999-லிருந்து 2018 வரை ஒரே முகத்தை ஜனங்கள் அலுக்காமல் பார்த்தார்கள் என்றால் சும்மாவா? வாணி ராணியில் வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி, இரண்டும் அவரே. முதுகைக் காட்டி நின்றால்கூட இது எவள் என்று அம்மா சொல்லிவிடுவார், தோளை வைத்துக்கொள்ளும் விதமே வேறு. ஒரு குறை உண்டு: கதை முழுக்க அவர் தோளில்தான் நிற்கும். 'சித்தி 2'-ல் நடுவில் அவர் விலகியதும் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நிரோஷாவுக்கு அந்த வசதி எதுவும் இல்லை, அடுத்தவர் கட்டிய கதைக்குள் கிடைத்த இடத்தில் நிற்க வேண்டும். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் சிரிக்க வைத்தவர், இப்போது கல்யாண வயசுப் பிள்ளைகளுக்கு அம்மா. ஒரு நடிகையின் மொத்த உழைப்பையும் வைத்துப் பார்த்தால் ராதிகாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2'-ல் நிரோஷா செய்யும் கோமதி விஷயத்தில் அம்மாவிடம் என்னால் வாதாட முடியவில்லை. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதால் பிறந்த வீடு ஒதுக்கிவிட்டது, அண்ணன்கள் கண்ணெதிரிலேயே இருக்கிறார்கள், ஆனால் பேச்சில்லை. அழாமல், வசனம் இல்லாமல், அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே திரும்புகிறார் பாருங்கள், அதற்காகவே அம்மா ராட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.