18,500 ரூபாவும் ஒரு கிளினிக் கொப்பியும்

இந்த முறை யாழ்ப்பாணத்தில் நின்றது மூன்று கிழமை. அதில் ஒன்பது நாள் அம்மாவின் இரத்தம், சலம், பிரசர், கண் என்றே போய்விட்டது. ஊருக்குப் போகிற எங்கட ஆக்கள் பலரும் இதே வேலையைச் செய்வதைக் கண்டிருக்கிறேன். சூட்கேசில் சொக்கிலேட், மனதில் "அம்மாவை ஒருக்கா முழுசாச் செக் பண்ணிவிட வேணும்" என்ற குற்ற உணர்வு. நானும் அப்படித்தான் இறங்கினேன்.

அம்மாவுக்கு 71 வயது. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், ஆறு வருடமாகப் பிரசர். இரண்டுக்கும் குளிசை போடுகிறா. போன மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றோடு நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஓட்டோ பிடித்தோம். "முழு உடற் பரிசோதனை", 64 சோதனைகள், 18,500 ரூபா. பவுண்ஸில் ஐம்பதுகூட வராது என்று கணக்குப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

இரத்தம் எடுத்த பிள்ளைக்கு நல்ல கை. ஒரே குத்தில் நரம்பு பிடிபட்டது. அதுவரைக்கும் குறையில்லை. பிறகு பிரசர் பார்த்தா. அம்மா மாடிப்படி ஏறி வந்து இரண்டு நிமிடம் இருக்காது. கை கதிரைக்கு வெளியே தொங்குகிறது. பட்டி இறுகிக்கொண்டிருக்க, அம்மா "பிள்ளை கோண்டாவிலோ? ஆற்றை மகள்?" என்று விசாரணை நடத்துகிறா. மெசின் 172க்கு 94 என்று காட்டியது. அந்தப் பிள்ளை அதை அப்படியே எழுதினா.

பின்னேரம் ரிப்போர்ட் வந்தது. வழுவழுப்பான கோப்பில் பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினா. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழில் மருத்துவம் படிப்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அந்த மண்ணில், அதுவும் மானிப்பாய்க்கு ஓட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், இண்டைக்கும் ஒரு தாய்க்கு இரத்த ரிப்போர்ட் தமிழில் கிடையாது. இதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சீனிக்கணக்கு என்னையும் ஒரு நிமிடம் குழப்பியது. வெறும் வயிற்றில் 132 என்று இருந்தது. எங்களுக்கு லண்டனில் 7, 8 என்றுதான் சொல்லுவார்கள். அலகுதான் வேறு. 18ஆல் பிரித்தால் சரி: 7.3. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.9 வீதம், லண்டன் ரிப்போர்ட்டில் அதுவே 52 என்று வரும். பதினொரு வருட நோயாளிக்கு இது நல்ல கணக்கு. ஆனால் அதை யார் பார்த்தது? ஒன்பதாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு ஒரு வரி இருந்தது: சிஏ 125, 41. இருக்கவேண்டியது 35க்குக் கீழே.

சிஏ 125 என்பது சூலகப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம். அந்த இரவு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூகிள், டொரோண்டோவில் தங்கச்சி, வட்ஸ்அப்பில் படம், அவளின் அழுகை. அம்மா குசினி வாசலில் நின்று, "என்ன மோனே, கான்சரோ?" என்று கேட்டா. நான் இல்லையம்மா என்றேன். முகத்தைப் பார்த்து அவ நம்பவில்லை.

அடுத்த நாள் ஒரு பெண்நோய் நிபுணரைச் சனல் பண்ணி ஸ்கான் எடுத்தோம். ஒன்றும் இல்லை. ஈரல், இருதயம், வயிற்றில் ஒரு சின்ன அழற்சி என்று எத்தனையோ காரணத்துக்கு அந்த எண் ஏறும் என்று டொக்டர் சொன்னா. "இதை ஏன் செய்தனீங்கள்?" என்றும் கேட்டா. பக்கேஜில் இருந்தது என்றேன். பக்கேஜ் என்ற சொல்லுக்கு அவ ஒரு சிரிப்புச் சிரித்தா.

வெட்கக்கேடு என்னவென்றால் இதற்கான பதில் நான் வாழும் ஊரிலேயே கிடந்தது. 2001 தொடக்கம் 2005 வரை பிரித்தானியாவில் மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினருக்கு வருடாவருடம் சிஏ 125, இன்னொரு பகுதியினருக்கு ஸ்கான், மிச்சப்பேருக்கு ஒன்றும் இல்லை. 2021இல் முடிவு வந்தது: இரண்டு முறையாலும் சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. நோய் இருக்கிறவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனை உதவும். அறிகுறி ஒன்றும் இல்லாத என்ர அம்மாவுக்குச் செய்ததில் கிடைத்தது இரண்டு இரவு நித்திரையின்மையும் மேலதிகமாக ஒரு ஸ்கான் காசும். அந்த ஆய்வை நடத்திய யூனிவர்சிட்டி கொலிஜ் லண்டன் வாசலைத் தாண்டித்தான் என்ர பஸ் ஒவ்வொரு நாளும் போகிறது.

அடுத்த கிழமை அம்மாவின் வழக்கமான அரசாங்கக் கிளினிக் நாள். "நீ வரத் தேவையில்லை, அங்க ஏசி இல்லை" என்றா. போனேன். விடியப்புறம் ஆறு பத்துக்கு நம்பர் துண்டு எடுத்தால் எங்களுக்கு 43. வாங்கு போதாது, பாதிப்பேர் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். கழிப்பறையைப் பற்றி எழுதப் போவதில்லை. எட்டு மணிக்குப் பிறகுதான் வரிசை அசைந்தது.

அம்மாவின் கையில் பொலித்தீன் உறை போட்ட கிளினிக் கொப்பி. ஓரம் நைந்து, நடுவில் ஒரு தேத்தண்ணிக் கறை. ஆறு வருடத்துப் பிரசர், நிறை, சீனி எல்லாம் ஆளுக்கொரு கையெழுத்தில். மிஸ்ஸி, அதுதான் தாதி, அம்மாவைக் கதிரையில் இருத்தினா. "அம்மா, காலை எடுத்து நேரா வையுங்கோ. கதையாதேங்கோ. ஐஞ்சு நிமிசம் சும்மா இருங்கோ." மேசையில் மடித்த துவாய் ஒன்று இருந்தது. அம்மாவின் கையை அதன்மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தா. 146க்கு 82. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் பார்த்தா: 142க்கு 80. இரண்டையும் எழுதினா.

172 எங்கே, 142 எங்கே. கையைத் தொங்கவிட்டு அளந்தால் மேல் எண் ஆறு ஏழு கூடவும், மடியில் வைத்தால் நாலு கூடவும் காட்டும் என்று 2024இல் ஒரு அமெரிக்க ஆய்வு எண்ணிச் சொல்லியிருக்கிறது. மீதியை மாடிப்படியும் கோண்டாவில் விசாரணையும் கூட்டியிருக்கும். அந்த 172ஐ நம்பி நான் மருந்தைக் கூட்டச்சொல்லிச் சண்டை பிடிக்கத் தயாராகப் போயிருந்தேன்.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. எங்களுக்கு ஒதுக்கிய நேரம் நாலு நிமிடம் இருக்கும். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிற குளிசையைக் கூட்டாமல் வேறொரு வகையில் சின்ன அளவு ஒன்றைச் சேர்த்தா. ஒன்றைக் கூட்டுவதைவிடச் சில மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்ப்பதும் ஒரு வழி என்று பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. இலங்கைக் கிளினிக்குகளிலேயே 700 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்று பிரசர் மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 வீதமானோர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான வைத்தியத்தில் 55 வீதம்.

அந்த நாலு நிமிடத்துக்குள் டொக்டர் இன்னுமொன்றும் கேட்டா: "அம்மா, கண் கடைசியா எப்ப காட்டினனீங்கள்?" அம்மா முகட்டைப் பார்த்தா. மூன்று வருடம். சலத்தில் புரதம் போகிறதா என்று பார்த்ததும் நெடுநாள். நான் கோப்பைத் திறந்து தேடினேன். 64 சோதனைகளில் அந்தச் சலப் பரிசோதனை இல்லை. பதினொரு வருடச் சீனி நோயாளிக்கு வருடாவருடம் செய்யவேண்டிய இரண்டும் இல்லாமல், தேவையில்லாத கான்சர் சோதனையை வைத்து 18,500 ரூபா.

துண்டு எழுதித் தந்தா. கண் கிளினிக்குக்குத் திகதி இரண்டு மாதம் தள்ளித்தான் கிடைத்தது. எனக்கோ ஒன்பது நாள்தான் மிச்சம். காசு கட்டி வெளியில் காட்டினேன், மறைக்கவில்லை. கண்ணுக்கு மருந்து விட்டு, பாவை விரிந்து, அம்மா வெளியே வரும்போது மதிய வெயில். காங்கேசன்துறை வீதியில் ஓட்டோவுக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தா. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். இடது விழித்திரையில் இரண்டு சின்னப் பொட்டு. இப்போதைக்கு வைத்தியம் வேண்டாம், வருடத்துக்கு ஒருக்கா கட்டாயம் பார்க்கவேணும். இங்கிலாந்திலும் வேல்சிலும் வேலைசெய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற் காரணமாக இருந்த நீரிழிவுக் கண்நோய் அந்த இடத்தை இழந்துவிட்டதாக 2014இல் ஓர் ஆய்வு சொன்னது; வருடாந்தக் கண் படம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கிளினிக்கில் கடைசியாக மாட்டுப்பட்டது நான்தான். பக்கத்து அறையில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் நடக்கிறது. 35 வயது தாண்டியவர்கள் இலவசமாகப் பார்க்கலாம். மிஸ்ஸி என்ர வயிற்றைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் வாங்கோ" என்றா. லண்டனில் இதே மாதிரிப் பரிசோதனைக்கு, 40 முதல் 74 வயதுக்காரருக்கு அனுப்பும் கடிதம் எனக்கு இரண்டு தரம் வந்து குப்பைக்குப் போனது. இங்கே ஒரு மிஸ்ஸி சொன்னதும் போய் நின்றேன்.

இடுப்பு 98 சென்ரிமீற்றர். எங்கட ஆண்களுக்கு 90க்கு மேல் கூடாது. சீனி 118. பிறகு வர்ணக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டையை எடுத்து, வயது, பிரசர், கொலஸ்ட்ரோல் என்று விரலை நகர்த்திக்கொண்டு போய் ஒரு கட்டத்தில் நிறுத்தினா. பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பை அது சொல்லுமாம். பச்சை. நான் சிரித்தேன். "பச்சை எண்டு சந்தோசப்படாதேங்கோ அண்ணா, சீனி வாசல்ல நிக்குது" என்றா.

அம்மாவுக்கு வீட்டில் பாவிக்க ஒரு பிரசர் மெசின் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வழுவழுப்பான கோப்புக்குள் இப்போது கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து எண்ணைச் சொல்லுகிறா.

"138, 78. கையைத் துவாயில வைச்சுத்தான் பாத்தனான். உன்ர இடுப்பு எவ்வளவு?"

"லைன் கிளியர் இல்லையம்மா" என்றேன்.