பாரிமுனை அத்தோ, சீனா பாய் இட்லி, தங்கசாலை முறுக்கு சாண்ட்விச்: காலி வயித்தோட போங்க

வெளியூர்லேர்ந்து யாராவது வந்து சென்னைல எங்க நல்லா சாப்பிடலாம்னு கேட்டா நம்ம ஆளுங்க உடனே அண்ணா நகர், நுங்கம்பாக்கம், ஈசிஆர்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் பாரிமுனைக்கு கூட்டிட்டு போவேன். ஏசி கிடையாது, உக்கார இடம் கிடையாது, வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது, ஆனா அங்க கிடைக்கிற மூணு நாலு ஐட்டம் இந்த ஊருக்குன்னே உண்டானது, வேற ஊர்ல போய் தேடினா இதே மாதிரி கிடைக்காது.

எங்கப்பா கோடவுன் தெருவுல ஒரு ஜவுளிக் கடையில ரொம்ப வருஷம் கணக்கு எழுதினாரு. சம்பளம் வாங்குற அன்னைக்கு ராத்திரி கையில ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், உள்ள மஞ்சளா நூடுல்ஸ், தனியா ஒரு சின்ன கவர்ல சூப்பு, ரப்பர் பேண்ட் போட்டு கட்டினது. அதுதான் அத்தோ. நாங்க மூணு பசங்க ஒரே தட்டுல போட்டு பிச்சிப்போம். அதனால இத நான் நடுநிலையா எழுதுறேன்னு சொல்ல மாட்டேன், ஆனா இத்தனை வருஷமா சாப்ட்டுட்டு இருக்கிறதால எது நல்லா இருக்கு எது இல்லன்னு கொஞ்சம் தெரியும்.

போறது ஈஸி. பீச் ஸ்டேஷன்ல இறங்கி ராஜாஜி சாலைய தாண்டினா பர்மா பஜார், அதுக்கு பின்னாடி செகண்ட் லைன் பீச். மெட்ரோல வந்தா ஹைகோர்ட் இல்ல மண்ணடி ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். ஆறு மணிக்கு மேல போங்க. பகல்ல அந்த ஏரியா முழுக்க லாரி, மீன்பாடி வண்டி, மூட்டை தூக்குறவங்கன்னு நடக்கவே முடியாது. பொழுது சாஞ்சதும் அத்தோ வண்டிங்கள சுத்தி கூட்டம் நிக்கும்.

இந்த அத்தோ எப்படி இங்க வந்துச்சுன்னு தெரிஞ்சிட்டு சாப்ட்டா இன்னும் நல்லா இருக்கும். பர்மாவுல தலைமுறை தலைமுறையா நம்ம தமிழ் ஜனங்க இருந்தாங்க, வியாபாரம், வட்டிக்கடை, வயல் வேலை, துறைமுகத்துல கூலின்னு. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு, அதுக்கு அப்புறம் கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, லட்சக்கணக்குல ஜனங்க இருந்ததெல்லாம் விட்டுட்டு கப்பல் ஏறி வந்தாங்க, அதுல நிறைய பேர் வந்து இறங்கினது நம்ம ஹார்பர்ல. அவங்க பொழைக்கிறதுக்காக வந்தது தான் பர்மா பஜார். சொத்து எதையும் கொண்டு வர முடியல, சமையல மட்டும் கொண்டு வந்தாங்க. பர்மிய மொழியில அதோக்னா கையால பிசைஞ்சு கலக்குற சாலட், அதுதான் நம்ம வாயில அத்தோ ஆயிடுச்சு.

பேருக்கு ஏத்த மாதிரி இன்னைக்கும் கையாலதான் பிசையுறாங்க. ஒரு கிண்ணத்துல வேகவச்ச நூடுல்ஸ், பொடியா சீவின கோஸ், வெங்காயம், அது மேல எண்ணெயில பொன்னிறமா பொரிச்ச வெங்காயமும் பூண்டும், வரமிளகாத் தூள், உப்பு, புளித்தண்ணி, எலுமிச்சை, கொத்தமல்லி, கடைசியா தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கிற பேஜோவ கையில நொறுக்கி போட்டு ஒரு பிரட்டு பிரட்டி தட்டுல வைப்பாங்க. நீங்க ஆர்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கலந்து முடிச்சிருப்பாங்க. முதல் வாய் புளிப்பு, அப்புறம் அந்த பூண்டு எண்ணெய் வாசனை, நடுநடுவுல பேஜோ கடிபடும், காரம் கடைசியில தான் மெதுவா ஏறும்.

கூடவே வாழைத்தண்டு சூப்பு ஒரு கிண்ணத்துல தருவாங்க. என்னைய கேட்டா கடை நல்ல கடையா இல்லையான்னு இந்த சூப்ப வச்சுதான் சொல்லணும். நூடுல்ஸ எல்லாரும் ஒரே மாதிரி வேக வச்சிடலாம், சூப்புல வாழைத்தண்டு குழையாம, மிளகு பூண்டு தெரியுற மாதிரி, நல்லா கொதிக்க கொதிக்க இருக்கணும். ஒரு வண்டியில (பேர் வேணாம்) வெறும் மஞ்சத்தண்ணிய ஊத்தி கொடுத்தாங்க, பொரிச்ச வெங்காயத்துலயும் எண்ணெய் சிக்கு வாடை அடிச்சது, பாதியில வச்சிட்டு வந்துட்டேன். அதனால நேரா போய் நிக்காதீங்க, ரெண்டு நிமிஷம் பாருங்க, எங்க வெங்காயம் கருகாம பொன்னிறமா இருக்கோ, எங்க ஆளுங்க சூப்ப ரெண்டாவது தடவை கேட்டு வாங்குறாங்களோ அங்க நில்லுங்க.

மொய்ங்காவும் கேளுங்க, அது அதே நூடுல்ஸ சூப்புல ஊறப்போட்டு கொடுக்கிறது, மழை நாளுக்கு அத மாதிரி ஒண்ணு கிடையாது. பர்மாவுல அது மீன் போட்டு செய்யுறது, இங்க நான் சாப்பிடுற வண்டிகள்ல மீன் இல்லாம வாழைத்தண்டு போட்டே செய்யுறாங்க. அப்புறம் முட்டை மசாலா. அவிச்ச முட்டைய கீறி உள்ள பொரிச்ச வெங்காயத்த திணிச்சு பூண்டு எண்ணெய், மிளகாத் தூள், புளித்தண்ணி விட்டு கொடுப்பாங்க, அப்படியே முழுசா வாயில போட்டுக்கணும், ஒண்ணோட நிறுத்தினவங்கள நான் பாத்ததில்ல. காரம் தாங்காதவங்க முன்னாடியே "அண்ணா, காரம் கம்மியா"ன்னு சொல்லிடுங்க, கலந்ததுக்கு அப்புறம் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

பார்சல் மட்டும் வாங்காதீங்க. எங்கப்பா கொண்டு வந்தத ஆசையா சாப்ட்டோம், உண்மைதான், ஆனா முதல் தடவை அவரோட போய் வண்டிகிட்ட நின்னு சாப்ட்டப்போ தான் பேஜோன்னா மொறுமொறுன்னு இருக்கும்னே எனக்கு தெரிஞ்சுது, அது வரைக்கும் அது நமத்துப் போன ஒரு பொருள்னு தான் நினைச்சிட்டு இருந்தேன்.

அத்தோ ரெண்டு பேருக்கு ஒரு தட்டோட நிறுத்திக்கோங்க. அங்கேர்ந்து என்எஸ்சி போஸ் ரோட்ட பிடிச்சு மேற்கால நடங்க, இடது பக்கம் ஹைகோர்ட், கொஞ்ச தூரத்துல பூக்கடை. பூ மார்க்கெட் கோயம்பேட்டுக்கு போய் வருஷங்கள் ஆனாலும் பத்ரியன் தெரு முனைல மல்லி வாசனை இன்னும் இருக்கு. அந்த நடை செரிமானத்துக்கும் நல்லது, ஏன்னா அடுத்தது நெய்.

சீனா பாய் டிபன் சென்டர். சாயங்காலம் திறக்குற கடை, ரெண்டே ஐட்டம், இட்லி, ஊத்தப்பம். மினி இட்லி மாதிரி குட்டியும் இல்ல, வீட்டு இட்லி மாதிரி கனமும் இல்ல, தட்டையா மெல்லிசா இருக்கும், அது மேல பொடிய தூவி நெய்ய ஊத்துறாங்க, ஊத்துறாங்கன்னா நிஜமாவே ஊத்துறாங்க. ஊத்தப்பம் கல்லுல நெய்யிலயே வெந்து ஓரம் சிவந்து வரும், நடுவுல பஞ்சு. சட்னி இருக்கு, ஆனா முதல் ரெண்டு விள்ளல் சட்னி தொடாம சாப்ட்டு பாருங்க, அந்த பொடி தனியாவே போதும். ரெண்டு ஐட்டத்த மட்டும் வச்சிக்கிட்டு இத்தனை வருஷமா ரோட்டுல கூட்டத்த நிக்க வைக்கிறாங்கன்னா, அந்த ரெண்டையும் தினமும் ஒரே மாதிரி செய்யுறதால தான். நூத்தி ஐம்பது ஐட்டம் போட்ட மெனு கார்ட பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த கடை தான் ஞாபகம் வரும். கூட்டத்துல டோக்கன், தட்டு எல்லாம் கொஞ்சம் முண்டியடிக்கணும், வயசானவங்கள கூட்டிட்டு போனா சீக்கிரமே போயிடுங்க.

இன்னும் கொஞ்சம் நடந்தா தங்கசாலை, மின்ட் ஸ்ட்ரீட். அந்த காலத்துல நாணயம் அடிக்கிற சாலை இருந்ததால வந்த பேரு. இங்க கடை போர்டுல தமிழோட இந்தியும் குஜராத்தியும் பாக்கலாம், மார்வாடி, குஜராத்தி குடும்பங்க பல தலைமுறையா இருக்கிற இடம். இவங்க சாட்டும் நம்ம ஊரு முறுக்கும் சேந்து பொறந்தது தான் முறுக்கு சாண்ட்விச். பிரெட் கிடையாது, ரெண்டு சின்ன முறுக்கு நடுவுல வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சை சட்னி, காரமா ஒரு பூண்டு சட்னி, கேட்டா மேல சீஸும் துருவி போடுவாங்க. எனக்கு சீஸ் இல்லாமதான் பிடிக்கும், சீஸ் போட்டா பூண்டு சட்னி அடிபட்டுடுது. கையில வாங்கின உடனே சாப்பிடணும், போட்டோ எடுத்துட்டு இருந்தா முறுக்கு ஊறிடும்.

முடிக்கிறதுக்கு அதே தெருவுல காக்கடா ராம்பிரசாத். ஆலு டிக்கியும் நல்லா இருக்கும், ஆனா இத்தனை சாப்ட்டதுக்கு அப்புறம் இடம் இருக்காது, அதனால சூடா ஜிலேபி, அதுக்கு மேல ஒரு பாதாம் பால். ஜிலேபி சட்டியிலேர்ந்து எடுத்து பாகுல முக்கி உங்க தட்டுக்கு வர்ற வரைக்கும் கண்ணு முன்னாடியே நடக்கும்.

போன மாசம் அப்பாவ கூட்டிட்டு போனேன், அவர் ரிட்டையர் ஆகி நாளாச்சு. நாலு இடத்துலயும் ரெண்டு பேரும் சாப்ட்டும் செலவு ஐநூறு ரூபாய தாண்டல. திரும்பி வரும்போது மறுபடியும் பாரிமுனை வழியா போலாம்னாரு, எதுக்குன்னு கேட்டா, அம்மாவுக்கு ஒரு அத்தோ பார்சல்.