ரோக்பி அருங்காட்சியகம்: கடிதங்களில் தெரியும் ஒரு குவேக்கர் குடும்பம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஃபெரிஸ்பர்க் என்னும் சிற்றூரில் இருக்கும் ரோக்பி அருங்காட்சியகம், ராபின்சன் என்ற குவேக்கர் (ஒரு கிறித்தவச் சமயப் பிரிவு) குடும்பம் 1793 முதல் 1961 வரை நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த பண்ணை வீடு. குடும்ப வரலாறு தேடுவோருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைப்பது அரிது என்பேன்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்தக் குடும்பம் இடம் கொடுத்தது. அப்படித் தப்பி வந்தவர்கள் என்றதும் சுரங்கப்பாதையும் மறைவறையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே 2013-இல் திறக்கப்பட்ட கண்காட்சி அந்தக் கற்பனையை ஆவணங்களைக் கொண்டே கலைக்கிறது. 1837-இல் ஆலிவர் ஜான்சன் என்ற அடிமை ஒழிப்பாளர் பென்சில்வேனியாவிலிருந்து, இந்தக் குடும்பத்தின் ரோலண்ட் தாமஸ் ராபின்சனுக்கு எழுதிய கடிதம், தப்பி வந்த சைமன் என்பவரைப் பற்றியது. நம்பிக்கையானவர், பண்ணை வேலைகள் தெரிந்தவர் என்று ஏறக்குறைய வேலைக்குப் பரிந்துரைப்பது போலவே அது அமைந்திருக்கிறது. மெரினோ ஆடுகள் வளர்த்த இந்தப் பண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது. அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்த வெர்மான்ட்டில், வந்தவர்கள் ஒளிந்திருக்காமல் வெளிப்படையாக உழைத்து வாழ முடிந்தது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, தப்பி வந்தவர்களில் ஒருவரான ஜெஸ்ஸியின் கதை. வடக்குக் கரோலினாவில் இருந்த உரிமையாளரிடமிருந்து தம் விடுதலையைச் சட்டப்படி விலைகொடுத்து வாங்க அவர் விரும்பினார். அவருக்காக ராபின்சன் கடிதம் எழுதினார். உரிமையாளர் 300 டாலர் கேட்டார், ஜெஸ்ஸி சேமித்து வைத்திருந்ததோ 150 டாலர். ஒரு மனிதனின் விலையைப் பேரம் பேசும் அந்த வரிகளின் மரியாதையான நடை மனத்தை உலுக்குகிறது.

ரோலண்டும் மனைவி ரேச்சலும் அடிமை உழைப்பில் விளைந்த பொருள்களைத் தவிர்த்தவர்கள். இந்த உறுதியின் வேரைத் தேடினால், குடும்பம் புறப்பட்டு வந்த ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டுக்குச் செல்ல வேண்டும். அடிமை வணிகத்தில் முன்னின்ற துறைமுகம் அது. நியூ இங்கிலாந்து குவேக்கர்களின் ஆண்டுப் பேரவை 1773-இல்தான் தன் உறுப்பினர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டுமென விதித்தது. ஆகவே ஒரு குவேக்கர் முன்னோரைக் கண்டதும் அவரை அடிமை எதிர்ப்பாளர் என்று எழுதிவிடக் கூடாது. அந்தத் தலைமுறை எந்தப் பக்கம் நின்றது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தே அறிய வேண்டும்.

செல்ல விரும்புவோர் கோடைக்காலத்தில் திட்டமிடுவது நல்லது. வீட்டை வழிகாட்டியுடன் பாருங்கள். பொருள்களுக்குப் பின்னிருக்கும் மனிதர்கள் அப்போதுதான் புலப்படுவார்கள். குடும்பத்தின் கடிதங்களை ஆராய நினைப்பவர்கள் அதற்கும் தனியே நாள் ஒதுக்க வேண்டும். குவேக்கர் பதிவேடுகளில் மாதங்களுக்குப் பெயர் இராது, எண்தான் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்க: 1752-இல் நாட்காட்டி மாறுவதற்கு முந்தைய ஏடுகளில் 'முதல் மாதம்' என்பது மார்ச்.