கோடையிலும் பாடமா, முழு விடுமுறையா?

வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கோடை வந்தாலே இந்தக் குழப்பம்தான்: பாடத்தைத் தொடர்வதா, மூட்டை கட்டி வைப்பதா?

மறதி
தொடர்ந்தால்: தினமும் 20 நிமிடக் கணக்கு போதும், கைப்பழக்கம் விடாது.
நிறுத்தினால்: வாசிப்பை விடக் கணக்குதான் சீக்கிரம் நழுவும். இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு என் மகள் 816-ஐ 4-ஆல் வகுத்து 24 என்று எழுதினாள். நடுவில் வரவேண்டிய சுழியத்தை மறந்துவிட்டாள். 204 என்று அவளே கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. கற்றது முதல் நாட்களில்தான் வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து.

நேரம்
தொடர்ந்தால்: 6 வாரம் பாடம், 1 வாரம் ஓய்வு. ஏழு சுற்றில் 49 வாரம் ஓடிவிடும். அதில் 42 வாரம் படிப்பு. ஆண்டின் 52 வாரத்தில் மீதி 3 வாரம் காய்ச்சல், விருந்தாளிகளுக்கு.
நிறுத்தினால்: நீண்ட பயணம் போகலாம், ஆனால் திரும்பி வந்ததும் பழைய பாடத்தையே புரட்ட வேண்டும்.

செலவு
பெரிய வித்தியாசம் இல்லை.

பெற்றோரின் தெம்பு
தொடர்ந்தால்: ஓய்வு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.
நிறுத்தினால்: அடுத்த ஆண்டைத் திட்டமிட நிதானம் கிடைக்கும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், சோர்ந்துபோன அம்மாவிடம் பிள்ளை எதையும் கேட்கத் தயங்கும்.

சரி, யாருக்கு எது? கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கும், அன்றாட ஒழுங்கு மாறினால் தவிக்கும் பிள்ளைக்கும் தொடர்வதே நல்லது. நீங்களே களைத்திருந்தால் தயங்காமல் நிறுத்துங்கள். இரவில் கதை வாசிப்பதை மட்டும் விடவேண்டாம்.