பூம்புகார் – தரங்கம்பாடி ஒருநாள் சுற்றுலா: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கும்பகோணம் வட்டாரத்தில் குடியிருப்போர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், மகளிர் குழு என்று தேடிப் போய் ஒரு டிராவல்ஸ்காரர் ‘பழைய துறைமுகங்கள் சுற்றுலா’ நோட்டீஸ் கொடுத்து வருகிறார். எங்கள் நகர் நலச் சங்கம் அவரிடம்தான் மாட்டியது. தலைக்கு 1,200 ரூபாய். ஏசி பஸ், கைடு, மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலேயே அடக்கம் என்று பேச்சு.

நாங்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. “ஞாயிறுன்னா வாடகை ஏறிடும் சார், வெள்ளிக்கிழமை வெச்சுக்குங்க, தலைக்கு நூறு குறைச்சுக்கிறேன்” என்றார். பணம் முழுவதையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

அன்று காலையில் வந்தது ஏசி இல்லாத மினி பஸ். முன் சீட்டுகளில் எங்களுக்குத் தெரியாத ஒரு குடும்பம் மாலை, சீர்த்தட்டுகளோடு உட்கார்ந்திருந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமாம்! இடமில்லாமல் போன எங்கள் ஆட்களை வெள்ளை நம்பர் பிளேட் வேன் ஒன்றில் ஏறச் சொன்னார். வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும். சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. வழியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். செயலாளர் சத்தம் போட்டதற்கு, “நம்ம ஊர் வண்டிதானே சார்” என்று பதில். வயதானவர்கள் விடியற்காலையிலிருந்து காத்திருந்தார்கள், பணமும் அவர் கையில். வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

திருக்கடையூரில் முகூர்த்தம், ஆசீர்வாதம், போட்டோ எல்லாம் முடிகிற வரை பஸ் நகரவில்லை. பூம்புகார் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கைடு என்று வந்தவர் டிரைவரின் மச்சான். கண்ணகி கதையில் பாதியைச் சொல்லிவிட்டு, “கடல்ல கால் நனைச்சுட்டு வாங்க” என்றார். பக்கத்துக் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. படகு கட்டிய மரக்கம்பங்கள்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. துறைமுகம் பார்க்க வந்தவர்களுக்கு அதை விட வேறென்ன வேண்டும்? எங்களோடு வந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அங்கே போகச் சொன்னார். மச்சானுக்குக் கீழையூர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

சாப்பாடு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறிப்போன புளிசாதம்.

தரங்கம்பாடியில்தான் முழு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. டேனிஷ் கோட்டை பூட்டிக் கிடந்தது. எழும்பூர் மியூசியத்தைப் போலவே இங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை. “இந்த வண்டிக்காரர் அடிக்கடி வர்றவராச்சே, அவருக்குத் தெரியாதா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர். எங்கள் நாளை முடிவு செய்தது வாடகையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அந்த அறுபதாம் கல்யாண முகூர்த்தம்! ஒரே பஸ்ஸுக்கு இரண்டு கட்சியிடம் வாடகை.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியதையும், 1845ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனதையும் ஆசிரியர் மதில் ஓரமாக நின்று சொன்னார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த வரலாறு அவ்வளவுதான். கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தோம்; அதற்கு டிக்கெட் கிடையாது. 1706ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் நினைவிடங்களுக்குப் போகலாம் என்றதும் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

டிராவல்ஸ்காரரிடம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “கோட்டையை வெளியில இருந்து பார்த்தீங்கள்ல சார்” என்கிறார். வாங்காத நுழைவுச் சீட்டுக்கான காசைக்கூடத் தரவில்லை. அப்புறம் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

நோட்டீஸ், ஜிபே ரசீதுகள், தேதி பேசிய வாட்ஸ்அப் உரையாடல், வெள்ளை பிளேட் வேனின் படம் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

இப்போது அதே ஆள் நாகப்பட்டினம் – கோடியக்கரை என்று புது நோட்டீஸ் அடித்திருக்கிறார். உங்கள் சங்கத்துக்கு வந்தால் வண்டி நம்பரையும், பஸ் முழுவதும் உங்களுக்கு மட்டும்தான் என்பதையும் எழுதி வாங்குங்கள். அவர் சொல்லும் கிழமையில் அந்த இடங்கள் திறந்திருக்குமா என்று நீங்களே விசாரித்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.