விளக்குமாறா, ஈரத்துணியா?

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையை ஒட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சன்னலைத் திறந்து வைத்தால் தரையில் கறுப்புப் பொடி படிந்துவிடுகிறது. அது வெறும் மண் அன்று. டயர் தேய்மானத்திலிருந்து துத்தநாகம், பிரேக் கட்டைகளிலிருந்து செம்பு, ஆன்டிமனி, டீசல் புகைக்கரி ஆகியவையும் சாலைத் தூசியில் கலந்திருக்கும். ஈயம் கலந்த பெட்ரோலைச் சிங்கப்பூர் 1998இல் கைவிட்டது. ஆனால் ஈயம் மட்கிப் போவதில்லை. சாலையோர மண்ணில் பல்லாண்டுகள் தங்கிவிடும்.

விளக்குமாறு வேகமானது. முடி, காகிதம், உணவுத் துணுக்கு ஆகியவற்றுக்கு அதுவே போதும். நுண்தூசிக்கு ஆகவே ஆகாது. பெருக்கும்போது 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மேலெழுந்து மூச்சில் நுழைகின்றன, 2.5க்கும் சிறியவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் பக்கத்தில் பெருக்காதீர்கள்.

ஈரத்துணி தூசியைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு, தயக்கமின்றி, இதுவே என் தேர்வு. தரையைத் தொட்ட கை நேரே வாய்க்குப் போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைத்தால் தூசி இடம் மாறும், அவ்வளவுதான். அறைக்கு அறை தண்ணீரை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கிக் கொசுவுக்குத் தேங்கிய சிறிதளவு நீரே போதும்.